காருக்குத் துருத் தடுப்பு மின்பெட்டி வாங்கலாமா?

குளச்சலில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். புதுசாகக் கார் எடுத்திருக்கிறார். வீட்டுக்கும் கடலுக்கும் இடையே 200 மீட்டர்கூட இல்லை. பாறசாலைப் பக்கம் ஒரு கடையில் சின்னப் பெட்டி ஒன்றைக் காட்டி, "இதை பேட்டரியில் இணைத்தால் வண்டி முழுக்க எலக்ட்ரான் பரவும், பத்து வருஷத்துக்குத் துரு வராது" என்று சொல்லி 14,000 ரூபாய் கேட்கிறார்களாம். கப்பலிலும் குழாயிலும் பயன்படும் அதே தொழில்நுட்பம் என்றும் சொன்னார்களாம். வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்க வேண்டாம். அந்தப் பெட்டி காரில் வேலை செய்யாது. ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். "கப்பலில் இருக்கிறதே" என்ற ஒரு வார்த்தையில்தான் படித்தவர்களும் விழுந்துவிடுகிறார்கள்.

நான் வளைகுடாவில் பதினோரு வருஷம் எண்ணெய்க் குழாய்களுக்கு கதோடிக் புரொடெக்‌ஷன் வேலை பார்த்தவன். மண்ணுக்கடியில் போகும் இரும்புக் குழாய் துருப்பிடிக்காமல் இருக்க மின்சாரம் கொடுப்பதுதான் என் தொழில். வெயிலில் நடந்து நடந்து, தாமிர சல்பேட் மின்முனையை மண்ணில் ஊன்றி, குழாயின் மின்னழுத்தம் மைனஸ் 850 மில்லிவோல்ட்டைத் தாண்டி இன்னும் மைனஸ் பக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக் குறிப்போம். தாண்டியிருந்தால் குழாய் பத்திரம். அந்த முறை உண்மையானது. 1824இலேயே ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் தாமிரத் தகட்டில் துத்தநாகமும் இரும்பும் பொருத்திக் காட்டிய சங்கதி. தாமிரம் அரிக்கவில்லை. ஆனால் தாமிரம் கரைவது நின்றுபோனதும், அந்த நஞ்சுக்குப் பயந்து ஒதுங்கியிருந்த சிப்பியும் பாசியும் அடியில் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகம் குறைந்தது. அதனால் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள் என்பது வேறு கதை. முறை வேலை செய்தது. அதனால்தான் அதன் பெயரைச் சொல்லிக் காருக்கு ஒரு பெட்டியை விற்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு படகைச் சொன்னால் விஷயம் புரிந்துவிடும். நம் தூத்தூர்க்காரர்களின் ஆழ்கடல் விசைப்படகு ஒன்றைக் கொச்சியில் யார்டில் ஏற்றி வைத்திருந்தபோது போய்ப் பார்த்தேன். இரும்புப் படகு. அடியில் சுக்கான் பக்கத்திலும் புரொப்பல்லர் பக்கத்திலும் துத்தநாகக் கட்டிகள் பற்றவைத்திருந்தன. சிங்க் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குளித்துக் குளித்துத் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி பாதியாகக் கரைந்து, சொரசொரவென்று வெளுத்துப்போயிருந்தது ஒவ்வொன்றும். அதன் பக்கத்தில் பெயிண்ட் உரிந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே நல்ல இரும்பு, குழி இல்லை. அப்படியே நிமிர்ந்து மேலே பார்த்தால் வலை இழுக்கும் வின்ச் உட்காரும் தட்டு அடுக்கடுக்காக உரிந்து நிற்கிறது. கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் கையோடு செதில் வருகிறது.

இரண்டும் ஒரே இரும்பு, ஒன்றோடொன்று பற்றவைத்தது. மேலே உள்ள வின்ச் தட்டுக்கும் அடியில் உள்ள சிங்குக்கும் மின்தொடர்பு பக்காவாக இருக்கிறது. அப்படியிருந்தும் தண்ணீருக்குள் இருந்த பாகம் பிழைத்தது, காற்றில் நின்ற பாகம் அரித்தது. உங்கள் கார் முழுவதும் அந்தப் படகின் மேல்பாகம்தான்.

துரு எப்படி வருகிறது என்று பார்த்தால் காரணம் தெரியும். இரும்பின் மேல் ஈரம் படிந்தால் அது ஒரு குட்டி பேட்டரி ஆகிறது. ஒரு புள்ளியில் இரும்பு எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகத் தண்ணீரில் இறங்குகிறது. அந்த எலக்ட்ரான் உலோகத்துக்குள்ளேயே ஓடி இன்னொரு புள்ளிக்குப் போகிறது. அங்கே ஆக்சிஜனும் தண்ணீரும் அதை வாங்கிக்கொள்கின்றன. எலக்ட்ரான் போக உலோகம் ஒரு பாதை, அயனிகள் போக ஈரம் மறுபாதை. இரண்டும் சேர்ந்தால்தான் சுற்று முழுமையாகும். உப்பு சேர்ந்தால் ஈரத்தில் அயனிகள் சுலபமாக ஓடும். அதனால்தான் கடற்கரையில் துரு வேகமாக வருகிறது.

கதோடிக் புரொடெக்‌ஷன் செய்வது என்ன? இரும்புக்கு வெளியிலிருந்து எலக்ட்ரான் கொடுத்து, "நீ உன்னுடையதை விடவேண்டாம்" என்று நிறுத்திவைப்பது. கொடுப்பவர் துத்தநாகமாக இருக்கலாம், மின்சாரத்தை ஒரே திசையில் அனுப்பும் ரெக்டிபையராக இருக்கலாம். எதுவானாலும், கொடுக்கும் மின்முனையும் காக்கப்படும் இரும்பும் ஒரே தண்ணீரிலோ ஒரே ஈரமண்ணிலோ இருந்தாக வேண்டும். கம்பி வழியாகப் போன மின்னோட்டம் திரும்பிவர அந்த ஈரம்தான் வழி. குழாய்க்குச் சுற்றிலும் மண் இருக்கிறது, கப்பலுக்குக் கடல் இருக்கிறது. காரில் கதவின் அடியில் நாலு துளி, வீல் ஆர்ச்சில் கொஞ்சம் சேறு, பானெட்டின் உள்மடிப்பில் ஒரு ஈரக்கோடு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. பேட்டரி பக்கத்தில் பெட்டியோடு இணைத்து ஒட்டும் பட்டைக்கும் பின்கதவின் அடியில் நிற்கும் அந்தத் துளிக்கும் நடுவே பாதை கிடையாது. பாதை இல்லாத இடத்தில் மின்னோட்டம் ஓடாது.

பேட்டரியின் மைனஸ் முனை உங்கள் காரின் பாடியில்தான் ஏற்கெனவே இணைந்திருக்கிறது. பாடி எர்த் என்று சொல்கிறோமே, அதுதான். மைனஸ் இணைப்பு ஒன்றே துருவைத் தடுக்கும் என்றால், 12 வோல்ட் வண்டிகள் எதிலும் துரு வந்திருக்கக் கூடாது.

இந்தப் பெட்டிகளில் இரண்டு மூன்று ரகம் உண்டு. அதிகம் விற்கும் ரகத்தில் பெயிண்டின் மேலேயே ஒரு பட்டையை ஒட்டுவார்கள். பட்டைக்கும் பாடிக்கும் நடுவே பெயிண்ட் இருப்பதால் அது ஒரு மின்தேக்கி, அதாவது கெப்பாசிட்டர். "அதன் மூலம் பாடியில் எலக்ட்ரான் குவிகிறது" என்பார்கள். குவிகிறது என்றே வைத்துக்கொண்டு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டை 10 சதுர சென்டிமீட்டர், பெயிண்ட் கனம் 0.1 மில்லிமீட்டர், பெட்டி 400 வோல்ட் கொடுப்பதாகவே இருக்கட்டும். சேரும் மின்னூட்டம் சுமார் 0.14 மைக்ரோகூலும். (கூலும் என்பது மின்னூட்டத்தை அளக்கும் அலகு, மைக்ரோகூலும் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) ஒரே ஒரு கிராம் இரும்பு துருவாகிப் போகும்போது நகரும் மின்னூட்டம் சுமார் 3,450 கூலும். இரண்டுக்கும் இடையே 2,400 கோடி மடங்கு வித்தியாசம். அதோடு அந்த 0.14 மைக்ரோகூலும் ஒருமுறை சேர்ந்ததும் அவ்வளவுதான், அதற்குமேல் ஓடாது. சேர்ந்ததும் பட்டைக்கு நேர் கீழேதான் நிற்கும். துருப்பிடிக்கும் கதவுப் படிக்குப் போகாது.

"எங்களுடையது பழைய ரகம் இல்லை, அதிர்வலை அனுப்புகிறது" என்று இன்னொரு ரகம். மாறி மாறிப் போய்வரும் மின்னோட்டத்தில் வந்ததும் போனதும் கழிந்துவிடும். இரும்பைக் காக்க ஒரே திசையில், நிற்காமல், போதுமான அளவு மின்னோட்டம் வேண்டும். இதில் அது இல்லை.

மூன்றாவது ரகம், சேஸில் போல்ட் போட்டு முடுக்கும் சிங்க் கட்டி. கட்டியை ஒட்டி ஓரிரண்டு மில்லிமீட்டர் தூரத்துக்கு, இரண்டின் மேலும் ஒரே துளி படிந்திருக்கும் நேரத்தில், உண்மையாகவே காப்பாற்றும். அதற்கு அப்பால் ஒன்றும் செய்யாது. தகடு முழுக்க சிங்க் பூசினால் அது வேறு. எங்கே கீறினாலும் பக்கத்திலேயே சிங்க் இருக்கும், ஒரே துளி இரண்டையும் மூடும். ஜி.ஐ. தகடு நீண்ட நாள் உழைப்பது அப்படித்தான்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். வீட்டிலேயே செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளரில் உப்புத் தண்ணீர். இரண்டு இரும்பு ஆணிகளை எமரித்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, தம்ளருக்கு ஒன்றாக, தலை வெளியே தெரியும்படி நிறுத்துங்கள். ஜி.ஐ. தகட்டில் இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொரு ஆணியோடும் கம்பியால் இணையுங்கள். கம்பி தண்ணீரில் படக் கூடாது. முதல் தம்ளரில் தகட்டுத் துண்டும் தண்ணீருக்குள் இருக்கட்டும். இரண்டாவதில் துண்டு வெளியே தொங்கட்டும். இரண்டு நாளில் வெளியே தொங்கும் துண்டோடு இணைத்த ஆணியைச் சுற்றித் தண்ணீர் செம்மண் நிறமாகும். மற்ற தம்ளரில் ஆணி அப்படியே இருக்கும், துத்தநாகம்தான் வெளுத்துக் கரையும். இரண்டிலும் கம்பி இணைப்பு ஒன்றுதான். காரில் பெட்டி வைப்பது இரண்டாவது தம்ளர்.

இது புதுசாகக் கிளம்பிய ஏமாற்றும் இல்லை. அமெரிக்காவில் 'ரஸ்ட் எவேடர்' என்ற பெயரில் இப்படி ஒரு பெட்டி விற்றார்கள். அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம், எப்.டி.சி., அந்த வழக்கில் 1996இல் வாங்கியவர்களுக்கு ஈடாக 2,00,000 டாலர் கொடுக்க வைத்தது. அந்தப் பெயரையே பயன்படுத்தக் கூடாது என்றும் தடை போட்டது. பெட்டிக்குக் காப்புரிமை இருக்கிறது என்று காட்டுவார்கள். காப்புரிமை என்பது யோசனை புதுசு என்பதற்குத்தான். உங்கள் வண்டியில் பலன் தரும் என்பதற்கு அது சான்று ஆகாது.

அப்புறம் எப்படி இத்தனை பேர் "நல்லா இருக்கு" என்கிறார்கள்? புதுக் கார் சில வருஷங்களுக்குத் தானாகவே நன்றாக இருக்கும். பல கார்களில் சிங்க் பூசிய தகடு, அதற்கு மேல் ஈ.டி. பிரைமர். வெற்று பாடியைத் தொட்டியில் முழுக்க முக்கி, மின்சாரம் செலுத்தி, பிரைமரை மடிப்புக்குள் எல்லாம் ஒட்டவைக்கும் முறை அது. இப்போதுள்ள கதோடிக் முறை 1970களின் பிற்பாதியில் கார்களுக்கு வந்தது. பாடி தொட்டித் தண்ணீரில் முங்கியிருக்கிறது, ஆகவே அங்கே மின்சாரம் வேலை செய்கிறது. பிறகு ஐந்து வருஷம் துரு வராததற்குப் பேர் வாங்குவது பெட்டி. ஒரே வருஷத்தில், ஒரே தெருவில், பெட்டி வைத்த வண்டியையும் வைக்காத வண்டியையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தவர் அவர்களில் யாரும் இல்லை. சோதனை என்றால் காரைக்குடி சிக்ரி போன்ற ஆய்வு நிலையங்கள் செய்வதுபோல, ஒரே தகட்டில் வெட்டிய துண்டுகளைக் கடற்காற்றில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வைத்து, எடையிட்டுப் பார்க்க வேண்டும்.

பாம்பனையே பாருங்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் உப்புக்காற்றில் அரித்து, 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு நம்பியது துருப்பிடிக்காத எஃகுக் கம்பியையும் பாலிசிலாக்சேன் பெயிண்டையும். கடற்காற்றில் நிற்கும் இரும்புக்கு, தண்ணீரையும் உப்பையும் அண்டவிடாமல் செய்வதைத் தவிர நம்பகமான வழி இல்லை.

எங்கள் குடும்பத்திலேயே இது நடந்தது. மைத்துனருக்கு மீன் ஏற்றும் பிக்கப். தேங்காப்பட்டணத்தில் ஏற்றி கேரள எல்லை தாண்டிச் சந்தைகளுக்குப் போகும் வண்டி. நான் ஊரில் இல்லாத சமயத்தில் இப்படி ஒரு பெட்டியை மாட்டிவிட்டார். பானெட்டைத் திறந்தால் பச்சை விளக்கு மின்னும். அது மின்னுகிறதே என்ற தைரியத்தில் அடியைக் கழுவுவதை விட்டுவிட்டார். மூன்றாம் வருஷம் மார்த்தாண்டத்தில் பட்டறையில் நிறுத்தினோம். டிங்கர் வேலை பார்க்கும் பையன் டிரைவர் பக்கத்துப் படியின் அடியில் ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினான். அப்பளத்தில் விரல் போவது மாதிரிப் போய்விட்டது. துளை வழியாக ஈர மணலும் மீன் செதிலும் கறுப்புச் சேறும் அவன் கையில் கொட்டின. பெயிண்ட் மட்டும் வெளியே முழுசாக நின்றது. பெட்டியின் விளக்கு அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது. மல்டிமீட்டரை வைத்தேன், பெட்டிக்கு மின்சாரம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பெட்டி பழுதாகவில்லை, அது செய்யக்கூடியது அவ்வளவுதான். அந்தப் பையன் நெய்யாற்றின்கரைக்காரன், "முழுக்க துரும்பு" என்றான். எல்லைக்கு அந்தப் பக்கம் துருவுக்குத் துரும்பு என்றுதான் பேர்.

வாரண்டித் தாளைக் கொடுத்தால் கடையிலேயே உட்கார்ந்து படியுங்கள். உள்ளிருந்து அரித்து ஓட்டை விழுந்தால் மட்டும், வருஷா வருஷம் எங்களிடம் காட்டியிருந்தால் மட்டும், கீறலுக்கும் சேஸுக்கும் கிடையாது என்று இருக்கும். மைத்துனர் தாளில் வணிக வாகனத்துக்கே கிடையாது என்று கடைசி வரியில் இருந்தது.

சரி, 200 மீட்டரில் கடலை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது? நிறையச் செய்யலாம், செலவும் குறைவு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, தென்மேற்கும் வடகிழக்கும். வண்டி காய்வதற்கு இடைவெளி குறைவு. அதற்கு மேல் கடல் உப்பு. அதில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் காற்றில் ஈரப்பதம் 33 சதவீதம் இருந்தாலே உறிஞ்சிக் கசிய ஆரம்பிக்கும். குளச்சலில் காற்று அதற்குக் கீழே போவதே அபூர்வம். ஆகவே மழை இல்லாத நாளிலும், உப்புப் படிந்த இடம் ஈரமாகத்தான் இருக்கிறது. அந்த உப்பை நல்ல தண்ணீரில் கழுவி வெளியேற்றுவதுதான் முதல் வேலை. மேலே பளபளப்பாகக் கழுவுவதை விட அடியில் கழுவுவது முக்கியம்: வீல் ஆர்ச்சின் உள்விளிம்பு, படியின் அடி, பின் பம்பருக்கு உள்ளே. வாரம் ஒருமுறை ஹோஸ் பைப்பைப் பிடித்தால் போதும். ஒன்று கவனிக்க வேண்டும். கடலோர வீடுகளில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகும். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கரித்தால் உள்ளே தள்ளிப் போய் நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தில் வாட்டர் சர்வீஸ் செய்யுங்கள், இல்லையென்றால் மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள்.

அடுத்தது வடிகால் துளைகள். ஒவ்வொரு கதவின் அடிவிளிம்பிலும் சின்னச் சின்னத் துளைகள் உண்டு, படியிலும் உண்டு. கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேறுவதற்கு. மண் அடைத்தால் கதவு உள்ளுக்குள் தொட்டியாகிவிடும். கதவை ஆட்டும்போது தண்ணீர் சலசலத்தால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஈர்க்குச்சி ஒன்றே போதும், குத்திவிடுங்கள்; கம்பி வேண்டாம், பெயிண்ட் போகும். வைப்பருக்கு அடியில் உள்ள கிரில்லையும் பாருங்கள். தென்னை நிழலில் நிறுத்தும் வண்டிகளில் பூவும் சருகும் மக்கி, அங்கே ஈரப்பஞ்சு மாதிரி உட்கார்ந்திருக்கும். மிதியடிக்கு அடியில் உள்ள கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் தூக்கிக் காயவையுங்கள்.

மூன்றாவது, உட்குழிக்கு வேக்ஸ். படி, கதவு, சேஸ் குழாய் இவற்றின் உள்ளே நீளக் குழாய் வைத்து மெழுகு அடிக்கும் வேலை. வண்டி புதுசாக இருக்கும்போதே செய்தால் அதைப் போலப் பலன் தருவது வேறில்லை. அடியில் கறுப்பாக ரப்பர் பூச்சு அடிப்பதும் நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே துருப்பிடித்த இடத்தின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகும். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அரிக்கும். முதலில் சுரண்டி, சிங்க் பிரைமர் அடித்து, காய்ந்தபிறகுதான் அது. பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பூசும் பழக்கம் சிலருக்கு உண்டு. ரப்பர் புஷ்கள் ஊதிக் கெடும், சொட்டுவது எல்லாம் மண்ணுக்கும் குளத்துக்கும் போகும். அதை விட்டுவிடுங்கள்.

கல் தெறித்து பெயிண்ட் போன புள்ளிகளை அன்றைக்கே டச்-அப் செய்யுங்கள். மீன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று கூடுதல்: ஐஸ் கரைந்து வடியும் உப்புநீர் நேராக சேஸில் விழாதபடி, பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இணைத்து கேனில் பிடியுங்கள். எங்கள் மைத்துனர் இப்போதைய வண்டியில் அப்படித்தான் செய்திருக்கிறார். சந்தையில் இறக்கியதும் அடிக்குத் தண்ணீர் அடிக்காமல் வண்டியைக் கிளப்புவதில்லை.

ஏற்கெனவே பெட்டி மாட்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் உள்பக்கத் தகட்டில் துளை போட்டு ஸ்குரூ முடுக்கியிருப்பார்கள், எர்த் வயருக்காகப் பக்கத்தில் பெயிண்டையும் சுரண்டியிருப்பார்கள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றியபிறகு பெட்டியை எடுத்து, அந்தத் துளையின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மைத்துனர் வண்டியில் பானெட்டுக்குள் முதலில் துருப்பிடித்திருந்த இடம் அதுதான். சுரண்டி, பிரைமர் அடித்து, டச்-அப் வைத்து, துளைக்கு ஒரு ரப்பர் அடைப்பான் போட்டுவிடுங்கள்.